இறக்கை ஏறாத கட்டலீனா

பெட்டிக்குள் இருக்கும் துண்டுகளை எண்ணிப் பார்த்துப் பயப்படுகிறவர் பிளாஸ்டிக் விமானம் ஒன்றை இன்னும் ஒட்டி முடித்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம். துண்டு கூடினால் நாள் கூடும், அவ்வளவுதான். நாலைந்து இடங்களில் ஒரே நேரத்தில் பிசகாமல் உட்கார வேண்டிய ஒரே ஒரு பாகம்தான் ஆளைப் படுத்தும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானங்களில் அப்படிப் படுத்துவதற்கென்றே பிறந்தது கட்டலீனா என்ற பறக்கும் படகு.

ஸ்பிட்ஃபயரும் சீரோவும் எல்லோரும் ஒட்டுகிற விமானங்கள். ஆனால் எம்பிலிப்பிட்டியவில் மேசை போட்டு உட்காருகிறவருக்குக் கட்டலீனாவை ஒட்டுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. பெல்மதுளையிலிருந்து நம் ஊர் வழியாக இறங்கும் ஏ18 வீதியில் நோனாகம வரை போய், அங்கே கரையோர வீதியைப் பிடித்து, தங்காலை, மாத்தறை தாண்டினால் கொக்கல வாவி. போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையின் நீர்விமானத் தளம் அங்கேதான் இருந்தது. தளத்துக்காக ஊர் மக்களையே வெளியேற்றினார்கள். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ஊர் அது. இடிபடாமல் தப்பிய அவர் பிறந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

1942 ஏப்ரல் 4. கனடிய விமானப்படையின் 413ஆவது அணியைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல், கொக்கலவுக்கு வந்து இரண்டொரு நாள்கூட ஆகாத நிலையில், ஏஜே155 என்ற இலக்கமுள்ள கட்டலீனாவில் இலங்கைக்குத் தெற்கே கடல் ரோந்துக்குப் போனார். ரோந்து முடிந்து திரும்பும் வேளையில் அடிவானத்தில் கப்பல்கள். கிட்டப் போய்ப் பார்த்தால், தளபதி நாகுமோவின் ஜப்பானியக் கடற்படை. கப்பல்களின் இருப்பிடம், திசை, வேகம் எல்லாவற்றையும் வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சீரோ விமானங்கள் வந்து சுட்டு வீழ்த்தின. விமானத்தில் இருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் உயிர் தப்பி, போர் முடியும்வரை ஜப்பானியச் சிறையில் கிடந்தார்கள். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு, நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது துறைமுகத்தில் இருந்த கப்பல்களில் பல ஏற்கெனவே வெளியேறியிருந்தன. பேர்ச்சலை ‘இலங்கையின் மீட்பர்’ என்று பத்திரிகைகள் எழுதின. பத்திரிகைக்காரர் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். ஆனால் எச்சரிக்கை முந்திப் போனது உண்மை.

இனி மேசைக்கு வருவோம். 1/72 என்பது ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகிற அளவு. கட்டலீனாவின் இறக்கை 104 அடி. அப்படியானால் மேசையில் 17 அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதல். 1960களில் ஏர்ஃபிக்ஸ் வெளியிட்ட 1/72 கிட் பல தடவை மறுபதிப்புக் கண்டது. பழைய அச்சு. மேலெல்லாம் ஆணித் தலைகள் புடைத்துக்கொண்டிருக்கும். நிஜ விமானத்தில் அந்த ஆணிகள் இந்த அளவுக்குப் பெரிதென்றால் ஒவ்வொன்றும் சாப்பாட்டுக் கோப்பை அளவு இருந்திருக்க வேண்டும். பின்னாளில் வந்த அக்கடமி கிட் நுணுக்கமானது, விலையும் அதற்கேற்றபடி.

பேர்ச்சலின் விமானத்தைத்தான் செய்ய வேண்டும் என்று நினைப்பவருக்கு முதல் தலையிடி சக்கரம். ஏர்ஃபிக்ஸ் பெட்டிக்குள் இருப்பது பிபிவை-5ஏ, அதாவது நீரிலும் தரையிலும் இறங்கக்கூடியது. கொக்கலவிலிருந்து பறந்தது வெறும் பறக்கும் படகு. அதற்குச் சக்கரமே இல்லை. ஆகவே உடலின் இரு பக்கமும் சக்கரம் மடங்கி உட்காரும் குழிகளை அடைக்க வேண்டும். பட்டியை அள்ளி அப்பினால் காய்ந்ததும் சுருங்கி, பெயின்ட் அடித்த பிறகு குழி மறுபடி தெரியும். குழிக்குப் பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை உள்ளிருந்து ஒட்டி, முன்னால் குழியின் வடிவத்துக்கே வெட்டிய தகடு ஒன்றை வைத்து, ஓரத்து இடுக்குகளுக்கு மட்டும் பட்டி பூசுவதே முறை. துண்டுகளைத் தாங்கி வரும் சட்டத்தை வெட்டிய துகள்களைப் பிளாஸ்டிக் சிமெந்துப் போத்தலில் போட்டால் ஒரு நாளில் கூழாகும். அந்தக் கூழ் எந்தப் பட்டியையும்விட நல்லது. காய்ந்தால் அதுவும் விமானத்தின் பிளாஸ்டிக்கே ஆகிவிடும்.

இந்தச் சிமெந்து பசை அல்ல. பொலிஸ்டைரீனைக் கரைக்கிற திரவம். இரு பக்கமும் கரைந்து, கலந்து, திரவம் ஆவியானதும் ஒரே துண்டாகிறது. அதனால்தான் சரியாக ஒட்டிய மூட்டு பிறகு உடைவதில்லை. அதனால்தான் ஒரு சொட்டு தவறி விழுந்தால் விமானத்தின் முகமே உருகிப்போகிறது.

மூட்டுக் கோட்டைத் தேய்க்கக் கார் டிங்கரிங் கடைகளில் விற்கும் தண்ணீர் எமரிக் கடதாசி போதும். 400இல் தொடங்கி 1000க்கு மேல் போக வேண்டும். தேய்த்த இடம் வெறும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். சாம்பல் நிற பிரைமர் ஒரு கோட் அடித்ததும் மறைந்திருந்த கோடு முழுக்க எழுந்து வரும். திரும்பவும் எமரி. இந்த இடத்தில் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். மிச்சப் பாதிப் பேரின் விமானங்கள்தான் படங்களில் வருகின்றன.

அடுத்தது இறக்கை. கட்டலீனாவின் இறக்கை உடலில் ஒட்டியிருக்காது. உடலுக்கு மேலே ஒரு தூணில் உயர்ந்து நிற்கும். தண்ணீரிலிருந்து எழும்போது தெறிக்கும் நீர் விசிறிகளில் படக்கூடாது என்பதற்காக வடிவமைப்பாளர் ஐசாக் லாடன் இயந்திரங்களை அத்தனை மேலே தூக்கி வைத்தார். அந்தத் தூணுக்குள்ளேதான் விமானப் பொறியாளரின் இருக்கை. உடலுக்கும் இறக்கைக்கும் நடுவே பக்கத்துக்கு இரண்டாக நான்கு முட்டுக்கோல்கள். தூண் ஒன்று, கோல்கள் நான்கு, ஆக ஐந்து இடமும் ஒரே வேளையில் பொருந்தியாக வேண்டும். தூணில் அரை மில்லிமீற்றர் சாய்ந்தால் இறக்கை நுனியில் அது பலமடங்காகும். முன்னாலிருந்து பார்த்தால் விமானம் ஒரு பக்கம் தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இதற்கு நான் கண்ட வழி ரெஜிபோம். டீவிப் பெட்டிக்குள் வரும் ரெஜிபோமில் உடலின் அடிப்பக்கம் உட்காரும்படி தொட்டில் வெட்டி, இரண்டு இறக்கை நுனிகளுக்கும் கீழே ஒரே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, வால் இறக்கையையும் முன் இறக்கையையும் ஒரே கோட்டில் பார்த்து, கோல்களைச் சிமெந்து இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்க்க வேண்டும். நீளமாக இருக்கும் கோலை மெல்லத் தேய்த்துக் குறைக்கலாம். குட்டையாக இருந்தால் சட்டத்துண்டில் புதிதாகச் செய்ய வேண்டும். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே சிமெந்து. அப்புறம் ஓர் இரவு முழுக்கத் தொடக்கூடாது. ஒன்றை மறக்கவேண்டாம்: ரெஜிபோமும் பொலிஸ்டைரீன்தான். சிமெந்து சொட்டினால் தொட்டிலே கரைந்து விமானத்தோடு ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒரு பொலித்தீன் தாள் விரிப்பது நல்லது.

பின்பக்கத்தில் இரு கண்ணாடிக் குமிழ்கள். காவலர்கள் மணிக்கணக்காகக் கடலைப் பார்த்திருந்த இடம். சூப்பர் குளூ பக்கத்தில் வந்தாலே அதன் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் வெண்பனி பூத்ததுபோல் படியும், துடைத்தாலும் போகாது. குமிழ்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைப் பசையே சரி. அது காய்ந்தால் தெளிவாகிவிடும். குமிழ் தெளிவாக இருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். எனவே உட்புறத்தையும் ஒழுங்காகச் செய்தாக வேண்டும். வேலை இரட்டிப்பாவது இப்படித்தான்.

வெயில் ஊர் என்பதால் வர்ணத்தில் நமக்குத் தனிச் சங்கடம். அக்ரிலிக் பெயின்ட் நடுப்பகலில் ஏர்பிரஷ் முனையிலேயே காய்ந்துவிடும். மிச்சம் பாதி வழியில் உலர்ந்து மணல் தூவியதுபோல் போய்ப் படியும். மழை நாளில் லக்கர் அடித்தால் ஈரம் பிடித்து வெளுக்கும். விடியற்காலை நல்லது. காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில துளி சேர்த்தால் இன்னும் நல்லது. கடல் ரோந்து விமானங்களுக்குப் பிரித்தானியர் மேலே பூசியவை கருஞ்சாம்பலும் பச்சை கலந்த சாம்பலும். நம் வெயிலில் நின்ற விமானம் எப்படியும் வெளுத்திருக்கும், அதனால் இரண்டிலும் கொஞ்சம் வெள்ளை கலப்பது என் பழக்கம். அதே வெயில் ஓர் உதவியும் செய்கிறது. பழைய பெட்டியில் சின்னங்கள் அச்சிட்ட டெக்கல் தாள் மஞ்சளடித்திருந்தால், பொலித்தீன் உறைக்குள் போட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். சில நாட்களில் மஞ்சள் வெளுத்துப்போகும். டெக்கல் ஒட்டுமுன் பளபளக்கும் வார்னிஷ் ஒரு கோட் கட்டாயம். இல்லாவிட்டால் கீழே காற்றுச் சிக்கி வெள்ளி மின்னும். கடைசியாக ஆன்டெனாக் கம்பி: சட்டத்துண்டை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இரு கையாலும் இழுத்தால் முடியளவு நூல் வரும்.

பேர்ச்சல் விமானத்தைச் செய்ய மனமில்லாதவருக்கு கொக்கலவிலேயே இன்னொரு கட்டலீனாக் கதை இருக்கிறது. 1943 ஜூன் முதல் 1945 ஜூலை வரை குவாண்டாஸ் நிறுவனம் பேர்த்துக்கும் கொக்கலவுக்கும் இடையில் எங்கும் நிற்காமல் பறந்தது. சுமார் 5,600 கிலோமீற்றர், மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம். வானொலியை அடைத்த மௌனம், நட்சத்திரங்களே வழி. ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைப் பார்த்ததால் பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்கள்: வேகா, அல்டெயர், ரைகல், அன்டாரெஸ், ஸ்பைகா. எரிபொருள் ஏற்றுவதற்காகத் தேவையற்ற பாரத்தையெல்லாம் அவற்றிலிருந்து கழற்றிவிட்டார்கள்.

எதைச் செய்தாலும் சக்கரமில்லாத படகு மேசையில் தானாக நிற்காது. கரையேற்றும் தள்ளுவண்டி ஒன்றைத் துண்டுத் தகடுகளில் செய்யலாம், அல்லது தங்கூசியில் முகட்டிலிருந்து தொங்கவிடலாம். தொங்கவிட்டால் தூசு பிடிக்கும், மின்விசிறி அதை ஆட்டும். 1/48இல் மொனோகிராம் கிட் வாங்க ஆசைப்படுகிறவர்கள், பெட்டியைத் திறக்குமுன் அலமாரியை அளந்துவிடுங்கள். இறக்கை மட்டும் 66 சென்ரிமீற்றர்.