புலிச்சிலந்தி: அச்சமும் ஆசையும்



கற்பிட்டிக் குடாநாட்டின் பழைய தென்னந்தோட்டம் ஒன்றில் பட்டமரம் ஒன்றை வெட்டி வீழ்த்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் பொந்திலிருந்து விரித்த கையளவான சிலந்தியொன்று வெளிப்படுமானால் என்ன நிகழும்? முதலில் ஒரு கூக்குரல் எழும். அடுத்து ஒரு தடி வரும். ஆனால் இதே இனத்துச் சிலந்தியைப் பணங்கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியிலிட்டுச் செல்லப்பிராணியாக வளர்ப்போர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் உளர். ஒரு சாரார் அதனை எமனாகக் காண்கின்றனர். மறுசாரார் அதனை விளையாட்டுத் தோழனாகக் காண்கின்றனர். இவ்விரு கருத்துகளும் எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சற்றே ஆராய்வோம்.

உரோமம் அடர்ந்த இப்பெருஞ் சிலந்திகளை மேனாட்டார் 'டரன்டுலா' என்பர். இப்பெயரே ஒரு தவறான எண்ணத்திலிருந்து பிறந்தது. இத்தாலி நாட்டின் தென்பகுதியில் தரந்தோ என்றொரு நகரம் உண்டு. அங்குள்ள சிலந்தி கடித்தால் மனிதர் பித்துற்றுப் போவர் என்றும், இடைவிடாது நடனமாடினாலன்றி நஞ்சு இறங்காது என்றும் முற்காலத்தில் நம்பினர். அவ்வாறு பழி சுமந்தது உண்மையில் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த ஓநாய்ச் சிலந்தி. பிற்காலத்தில் அமெரிக்கக் கண்டத்துக்குச் சென்ற ஐரோப்பியர், அங்கு கண்ட பெரிய சிலந்திகளுக்கும் அதே பெயரைச் சூட்டினர். பெயரோடு அச்சமும் கூடவே சென்றது.

நம் நாட்டில் மரத்தில் வாழும் வகையும் உண்டு. 'பொயிசிலோதீரியா' எனும் இப்பேரினம் உலகில் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. சிங்களத்தில் இதனைத் 'திவிமகுளுவா', அதாவது சிறுத்தைச் சிலந்தி என்பர். நாம் புலிச்சிலந்தி என்போம். இவற்றுள் ஓரினத்தை 1804ஆம் ஆண்டிலேயே லத்ரேய் எனும் பிரெஞ்சு அறிஞர் விவரித்தார். கொழும்புக்கு வடக்கேயுள்ள தாழ்நிலக் காடுகளும் தென்னந்தோட்டங்களுமே அதன் வாழிடம். இராமேசுவரத்தில் கண்டறிந்த வேறோர் இனத்துக்கு 2004இல் பெயரிடப்பட்டது. பின்னர் அது கடலுக்கு இப்பால் மன்னாரிலும் காணப்பட்டது. 2009ஆம் ஆண்டில் மாங்குளத்தில் கிராமவாசி ஒருவர் கொணர்ந்து காட்டிய இறந்த சிலந்தியிலிருந்து தொடங்கிய ஆய்வு, 2012இல் மற்றோர் இனத்தை உலகுக்கு அறிவித்தது. கால்களை விரித்தால் அது ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் இருக்கும். காட்டின் முதுமரங்கள் குறைந்தமையால் அது பழைய கட்டடங்களிலும் புகலிடம் தேடியிருந்தது என்பதும் அப்போது தெரியவந்தது.

இனி, வழங்கிவரும் கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

இது கடித்தால் உயிர் பிழைக்க முடியாது என்பது முதலாவது. இவ்வகைச் சிலந்தியின் நஞ்சினால் மனிதர் மாண்டதாக உறுதிப்படுத்தப்பட்ட செய்தி மருத்துவ ஏடுகளில் இல்லை. அப்படியானால் இது தீங்கற்றதா? வளர்ப்போர் சிலர் 'தேனீ கொட்டியதைப் போன்றதே' என்று கூறுவதும் பிழையே. புலிச்சிலந்தியின் கடி கடுமையான வலியைத் தரும். பல மணி நேரம் கழித்துத் தசைப்பிடிப்பு உண்டாகி, சிலருக்கு நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும் மீண்டும் மீண்டும் வருவதுண்டு. ஆகவே கடியுண்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி வைத்தியசாலையை நாடுவதே முறை. காயத்தைக் கீறுவதும் உறிஞ்சுவதும் ஆகா.

உடலிலுள்ள உரோமத்தை எறிந்து கண்ணைக் குருடாக்கும் என்பது இரண்டாவது. அரிப்பூட்டும் உரோமத்தை உதறும் சிலந்திகள் அமெரிக்கக் கண்டத்து இனங்களே. அவ்வுரோமம் கண்ணிற் பட்டால் துன்பந்தான். நம் புலிச்சிலந்திக்கோ அப்படைக்கலம் இல்லை. ஒளிந்துகொள்வதும், மின்னலென ஓடி மறைவதும், இயலாதபோது கடிப்பதுமே அதன் காப்பு.

தன்னை வளர்ப்பவரை அது அறிந்துகொள்ளும், கையில் எடுத்துப் பழக்கினால் சாதுவாகும் என்பது மூன்றாவது. நாயும் கிளியும் மனிதனோடு உறவு கொள்வது போன்ற உறவைச் சிலந்தியிடம் எதிர்பார்ப்பது வீண். அதற்குக் கை என்பது வெம்மையான ஒரு தரை. அல்லது தன்னை நெருங்கும் ஒரு பகை. கையிலிருந்து நழுவி விழுந்தால் அதன் மென்மையான வயிறு வெடித்து மடியவும் கூடும்.

மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்பது நான்காவது. இவ்வெண்ணத்தால் உயிரோடு குப்பையில் எறியப்பட்ட சிலந்திகள் எத்தனையோ! சிலந்தி வளருங்காலத்தில் தன் பழைய மேலோட்டைக் கழற்றுகிறது. அதற்காகப் பெரும்பாலும் மல்லாந்து, பல மணி நேரம் அசைவற்றுக் கிடக்கும். அச்சமயம் அதனைத் தீண்டலாகாது. புதிய ஓடு இறுகுமுன் இரையாகப் போடப்பட்ட பூச்சியே அதனைக் காயப்படுத்திவிடும்.

சில மாதம் வைத்திருந்து பார்க்கலாம் என்று வாங்குவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். ஆண் சிலந்தி முதிர்ந்தபின் நெடுநாள் வாழாது. பெண்ணோ பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடும். விளையாட்டாக ஏற்கும் பொறுப்பன்று அது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை ஒன்று உண்டு. காட்டில் ஆயிரம் இருக்க, ஒன்றைப் பிடித்தால் என்ன குறையும் என்பதே அது. முட்டையிட்டுக் குஞ்சைக் காக்கும் தாய்ச் சிலந்தி தங்குவதற்கு ஆழ்ந்த பொந்துள்ள முதுமரம் வேண்டும். அத்தகைய மரங்கள் அருகி வருகின்றன. எஞ்சிய பொந்துகளைத் தேடி வணிகர் பெண் சிலந்திகளை எடுத்துச் சென்றால் அடுத்த தலைமுறைக்கு வித்து ஏது? இதனை உணர்ந்தே, 2018இல் அமெரிக்க ஐக்கிய நாடு இலங்கைக்குரிய 5 இனங்களைத் தன் அழிவாபத்துப் பட்டியலிற் சேர்த்தது. 2019இல் ஜெனீவாவில் நடந்த மகாநாட்டில், இலங்கையும் முன்மொழிய, இப்பேரினம் முழுவதும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. நம் நாட்டு வனவுயிர்ச் சட்டப்படி அனுமதியின்றி இவற்றை ஏற்றுமதி செய்வதும் குற்றமாகும்.

வீட்டினுள் ஒன்று வந்துவிட்டால் என் செய்வது? வெறுங்கையால் தொடவேண்டாம். அகன்ற வாயுள்ள பாத்திரமொன்றை மெல்லக் கவிழ்த்து, அடியில் தடித்த அட்டையொன்றைச் செருகி, அவ்வண்ணமே எடுத்துச் சென்று மரத்தடியில் விட்டுவிடுங்கள். தென்னையையும் மனையையும் அண்டும் பூச்சிகளை இரவெல்லாம் வேட்டையாடும் பிராணி அது. கூலி கேளாத காவற்காரன்.

கற்பிட்டிக் கரையில் வாழ்வோர் புலிச்சிலந்தியை வளர்க்க விரும்பினால் அதற்குக் கண்ணாடிப் பெட்டி வேண்டியதில்லை. தோட்டத்து மூலையிலுள்ள பொந்து விழுந்த முதுமரத்தை வெட்டாது விட்டாலே போதும். பார்க்க வேண்டுமென்ற ஆசை எழுந்தால், இருள் சூழ்ந்தபின் ஒரு கைவிளக்கோடு சற்று எட்ட நின்று பாருங்கள்.