அம்மி கொத்தும் லேசர்!

குட்டிகளே, வழவழப்பான அம்மியில் மிளகாய் அரைபடாது; வழுக்கிக்கொண்டு ஓடும். அதனால்தான் உங்கள் தாத்தா, பாட்டி காலத்தில் "அம்மி கொத்தலையோ!" என்று தெருவில் கூவி வருவார்கள். உளியால் சின்னச் சின்னக் குழிகள் போட்டதும் அம்மி மறுபடி நன்றாக அரைக்கும். அதே வேலையை விஞ்ஞானிகள் இப்போது உலோகத் தகட்டில் செய்கிறார்கள். உளிக்குப் பதில் லேசர்!

எதற்கு? தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க. ஹைட்ரஜன் எரிந்தால் கரிப்புகை வராது, தண்ணீர்தான் வரும். 1800-ஆம் ஆண்டிலேயே லண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள். ஆனால் செலவு அதிகம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு சுமார் 39 யூனிட் மின்சாரம் போதும் என்கிறது கணக்கு. நிஜத்தில் 50 யூனிட் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகிறது. வீணாவதில் ஒரு பங்குக்குக் காரணம், குமிழி!

நீங்களே பார்க்கலாம். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கரையுங்கள். (சாப்பாட்டு உப்பு வேண்டாம், குளோரின் என்ற நச்சு வாயு வரும்.) இருபுறமும் சீவிய இரண்டு பென்சில்களை அதில் நிறுத்தி, மேல் முனைகளை ஒயரால் 9 வோல்ட் பாட்டரியுடன் இணையுங்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். பக்கத்தில் நெருப்பு கூடாது. வீட்டு மின்சாரத்தைத் தொடவே கூடாது!

குமிழி அதிகமாக வரும் பென்சில்தான் ஹைட்ரஜன் பக்கம். சில குமிழிகள் மேலே போகாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். குமிழி உட்கார்ந்த இடத்தைத் தண்ணீர் தொடாது. தண்ணீர் தொடாத இடத்தில் வேலை நடக்காது.

ஆலைகளில் பென்சிலுக்குப் பதில் நிக்கல் தகடு. அதில் லேசரால் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களைச் செதுக்கினால், தண்ணீர் பள்ளங்களுக்குள் பரவிக் குமிழியின் அடிவரை போய்விடும். குமிழிக்குப் பிடிமானம் குறையும். பெரிதாகும் முன்பே கழன்றுவிடும். தண்ணீர் படும் பரப்பும் கூடும்.

தகடு உருகிவிடாதா? ஒரு விநாடியைக் கோடி கூறாக்கி, அதில் ஒன்றை மறுபடி கோடி கூறாக்கி, அதிலும் ஒன்றைப் பத்தாக்கினால், அதுவே ஃபெம்டோ விநாடி. லேசரின் ஒவ்வொரு துடிப்பும் இப்படிச் சில நூறு ஃபெம்டோ விநாடிகளில் முடிந்துவிடும். பக்கத்துக்குச் சூடு பரவும் முன்பே அந்தப் புள்ளி மட்டும் ஆவியாகிவிடும். இத்தகைய குறுந்துடிப்பு லேசருக்கு வழிகண்ட டோனா ஸ்டிரிக்லேண்ட், ஜெரார் முரு இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு சிக்கல் உண்டு. புள்ளி புள்ளியாகக் கொத்த வேண்டும். ஆலைத் தகடோ கதவு அளவு கூட இருக்கும். அதை எப்படிச் சீக்கிரமாகக் கொத்தி முடிப்பது என்பதுதான் இப்போது அவர்கள் கவலை.