மூக்கின் கூரையில் ஒரு தேடல்

மூக்குத் திசுவை மெல்லியதாகச் சீவி, வழக்கமான சாயமிட்டு நுண்நோக்கியில் வைத்தால் தெரிவது ஊதா உட்கருக்களின் வரிசைதான். மணத்தை உணரும் நரம்புச் செல், அதைத் தாங்கி நிற்கும் செல், அடியில் கிடக்கும் மூலச் செல் எல்லாம் தோளோடு தோள் நெருக்கி நிற்கும். இதில் மோப்பச் செல் எது?

வழி காட்டியது ஒரு புரதம். 1972-ல் ஃபிராங்க் மார்கோலிஸ் சுண்டெலி மூளையின் மோப்பக் குமிழில் அதைக் கண்டார். மூக்கிலிருந்து குமிழுக்கு வந்து சேரும் நரம்பு இழைகளுக்குள்தான் அது இருந்தது. இன்று அதன் பெயர் ஓ.எம்.பி., அதாவது மோப்ப அடையாளப் புரதம். அதைத் தேடிப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியோடு பச்சையாய் ஒளிரும் சாயத்தை இணைத்துத் திசுவின் மேல் விட்டால், இருட்டில் செல் முழுதாக எழுந்து வருகிறது. நடுவே உருண்டை உடல். மேலே ஒரு மெல்லிய கை, அதன் நுனியில் குமிழ் போன்ற முண்டு. கீழே மூளை நோக்கி இறங்கும் இழை. முதன்முறை பார்ப்பவர் கண்ணை எடுக்க மாட்டார்.

ஆனால் ஓ.எம்.பி. முதிர்ந்த செல்லை மட்டுமே காட்டும். மோப்பச் செல்கள் அழிய அழியப் புதியவை பிறந்துகொண்டே இருப்பதால், இளஞ்செல்களைக் காண ஜி.ஏ.பி.-43 என்ற இன்னொரு புரதத்தைத் தேட வேண்டும். பொதுவான நரம்பு அடையாளங்களை மட்டும் நம்பினால் மூக்கின் எரிச்சலை உணரும் வேறு நரம்பு இழைகளும் சேர்ந்து ஒளிர்ந்து ஏமாற்றும். ஒரே சாயத்தை வைத்து முடிவு கட்டுவது தவறு.

செல்லை அடையாளம் காண்பதால் என்ன பயன் என்பதை 2020 காட்டியது. கொரோனாவில் மணம் இழந்தவர்களின் நரம்பே கெட்டுவிட்டதோ என்று பயந்தோம். வைரஸ் நுழையும் வாசலான ஏ.சி.இ.-2 புரதம் மோப்பச் செல்லில் அல்ல, அதைத் தாங்கும் செல்லில்தான் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் பிரித்துச் சொன்னார்கள்.

ஆனால் மனிதரிடம் இப்படித் தேடும்போது ஒரு எச்சரிக்கை தேவை. சுண்டெலியின் மூக்கில் மோப்பத் திசு சீராகப் பரந்திருக்கும். மனித மூக்கில் அது கூரையை ஒட்டிய சிறு பகுதி. வயது ஏற ஏறச் சுவாசத் திசு இடையிடையே புகுந்து அது திட்டுத்திட்டாகிவிடும். ஆகவே ஒருவர் மூக்கில் எடுத்த துணுக்கில் ஒரு மோப்பச் செல்கூட ஒளிரவில்லை என்றால், அவருக்கு மோப்பம் போய்விட்டது என்று பொருள் அல்ல. கத்தி வேறு திட்டில் பட்டிருக்கலாம்.