சிட்டின் அறைக்குள் ஒரு மத்தியானம்

வாங்கோ, உள்ளே போவோம். முற்றத்தில் சிறுபோக நெல் காய்கிறது, ஓரமாக நடக்கவேணும். கிளிநொச்சியில் ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் வருகிற வீடு. தகரம் போட்ட பக்க அறை. மேசையில் ஒரு பழைய மடிகணினி; காற்றுப் போவதற்காக அடியில் இரண்டு மரக்கட்டைகள். மேசை ஃபான் சுழல்கிறது, ஆனால் ஆளைப் பார்த்து அல்ல, மடிகணினியைப் பார்த்து! வேர்வை எங்களுக்கு, காற்று அதற்கு.

அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் படித்த தம்பி ஒருவனின் கோட்டை இது. டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தின் 13ஆம் பதிப்பான ட்ரிக்ஸி 2025 ஓகஸ்ட் 9ஆம் திகதி வெளிவந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. உலகம் அதைத் தரவிறக்கிக்கொண்டிருக்க, இவன் அடுத்த பதிப்பின் வேலைக்குள் இறங்கிவிட்டான். கொம்பைலரை மாற்றும் வேலை! எட்டிப்பார்க்க எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பேன்.

மனிதர் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தருவது கொம்பைலர். டெபியனில் அந்தப் பொறுப்பு ஜி.சி.சி.யிடம். 1987இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் வெளியிட்ட இது, 2025இல் 15ஆம் பதிப்புக்கு வந்தது. ட்ரிக்ஸியில் உள்ள மென்பொருள் பொதிகள் 69,830. கொம்பைலர் மாறினால், அத்தனைக்கும் பின்னால் உள்ள மூல நிரல்கள் புதியதன் கையில் ஒழுங்காகக் கட்டப்படுகின்றனவா என்று பார்த்தாகவேணும். நாங்கள் ஒரு பொத்தானை அமத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகும் அந்த 'அப்டேட்'டுக்குப் பின்னால் நடப்பது இதுதான்.

"அக்கா, முதல்ல சிட்டைப் பாருங்கோ," என்கிறான்.

டெபியன் பதிப்புகளுக்கு 'டோய் ஸ்டோரி' படத்துப் பாத்திரங்களின் பெயர்களைத்தான் வைப்பார்கள். ட்ரிக்ஸி ஒரு டைனோசர் பொம்மை. அடுத்து வரப்போகும் ஃபோர்க்கி, எறிகிற கரண்டியில் செய்த பொம்மை. ஒரு பெயர் மட்டும் என்றைக்கும் மாறாது. புதுப் பொதிகள் முதலில் வந்து விழுகிற, எதுவும் எந்நேரமும் உடையக்கூடிய கிளைக்கு சிட் என்று பெயர். படத்தில் பொம்மைகளைப் பிய்த்துப் போடுகிற பக்கத்து வீட்டுப் பொடியன்! அவன் அறைக்குள்தான் இப்போது நிற்கிறோம்.

அறைக்குப் பூட்டு இல்லை. டெபியன் இயந்திரங்கள் ஒவ்வொரு பொதியையும் எப்படிக் கட்டின என்ற பதிவு முழுவதும் எவரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. திரையில் பச்சையும் சிவப்புமாக வரிசைகள். ஒரே பொதி ஏழு வகைச் செயலிகளுக்குக் கட்டப்பட்டிருக்கிறது: வீட்டுக் கணினிக்கு, கைக்கடக்கமான ஆர்ம் பலகைக்கு, ஐ.பி.எம். மெயின்ஃபிரேமுக்கு, ட்ரிக்ஸியில்தான் முதல்முறை அதிகாரபூர்வமாகச் சேர்ந்த ரிஸ்க்-ஃபைவுக்கு. பதிவு ஒன்றைத் திறந்தால் ஆயிரக்கணக்கான வரிகள் மழைபோல ஓடுகின்றன. சிவப்பு வரிக்குப் பக்கத்தில் இயந்திரம் எழுதிவைத்த முடிவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது: 'தோற்றிருக்கலாம்'. அடித்துச் சொல்லாத மரியாதை!

இந்தச் சிவப்புகளை முதலில் தேடிப் பிடிப்பவர்களில் ஒருவர் டெபியனில் ஜி.சி.சி.யைப் பராமரிக்கும் மத்தியாஸ் குளோஸ. ஜி.சி.சி. 15 முறையாக வெளிவந்தது 2025 ஏப்ரல் 25இல். அவரோ பெப்ரவரியிலேயே அதன் முன்னோட்டப் பதிப்பால் பொதிகளைக் கட்டிப் பார்த்து, விழுந்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முறைப்பாடு பதிந்துவிட்டார். ஆனால் ட்ரிக்ஸிக்கான கருவிகளை மார்ச் 15உடன் உறையவைத்தாயிற்று; அதற்குப் பிறகு கொம்பைலரில் கைவைக்க முடியாது. அதனால் ட்ரிக்ஸி ஜி.சி.சி. 14உடனேயே வெளியே போனது. 15க்கான முறைப்பாடுகள் ஃபோர்க்கிக்காக வரிசையில் நின்றன. அந்த வரிசையிலிருந்துதான் தம்பி ஒன்றை உருவி எடுத்திருக்கிறான்.

ஒரு பழைய விளையாட்டு. எழுதியவரின் மின்னஞ்சல் முகவரியே இப்போது உயிரோடு இல்லை. தம்பி கட்டளையைத் தட்டுகிறான், ஃபான் சத்தத்தை மிஞ்சி மடிகணினி உறுமுகிறது, வரிகள் ஓடுகின்றன, ஓடுகின்றன... நின்றுவிட்டன. சிவப்பு!

கிட்ட வந்து பாருங்கள், அழகு இங்கேதான். நிரல்காரர் 'ஃபால்ஸ்', 'ட்ரூ' என்று இரண்டு பெயர்களைத் தானே உண்டாக்கி வைத்திருக்கிறார். அந்தக் காலத்து சி மொழியில் பொய்க்கும் மெய்க்கும் சொந்தச் சொல் இருக்கவில்லை. வேண்டியவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். சி23 என்ற புதிய தரம் அந்த இரண்டையும் மொழியின் சொற்களாக எடுத்துக்கொண்டது. ஜி.சி.சி. 15 வேறொன்றும் சொல்லாவிட்டால் சி23ஐத்தான் பின்பற்றும். அதனால் இந்தச் சொற்களைப் பெயராக வைக்க முடியாது என்று மறிக்கிறது. சும்மா மறிக்கவும் இல்லை. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று சொல்லி, அந்தச் சொல்லின் கீழே குறி போட்டுக் காட்டி, சி23இலிருந்து இது மொழியின் சொல் என்று குறிப்பும் எழுதுகிறது. இவ்வளவு பொறுமையான வாத்தியார் எங்கே கிடைப்பார்?

"பழைய தரத்தில ஓடு எண்டு ஒரு சொல்லுப் போட்டா இப்பவே சரியாகும்," என்கிறான் தம்பி. "ஆனா நாளைக்கு அது இன்னொருத்தற்ற தலையில விழும் அக்கா. திருத்தத்தான் வேணும்." ஒரு வரியை எடுக்கிறான், இரண்டு வரியைச் சேர்க்கிறான். மீண்டும் தட்டுகிறான்.

காத்திருக்கும் நேரத்தில் வேடிக்கை ஒன்று காட்டினான். 'ஆப்ட் மூ' என்று தட்டினால், பொதிகளை நிறுவும் அந்தக் கண்டிப்பான கருவி எழுத்துகளால் ஒரு மாட்டைக் கீறிக்காட்டி, இன்றைக்குக் கத்தினாயா என்று கேட்கிறது! இத்தனை கணினிகளுக்குள் ஒரு மாடு ஒளிந்திருக்கிறது; எத்தனை பேருக்குத் தெரியும்? வாசலில் நெல்லுக்குக் காவல் நின்ற அவனுடைய அம்மா, "உள்ளுக்கும் மாடு வந்திட்டுதோ?" என்று கேட்டாரே பாருங்கள், சிரித்து முடிய நேரம் எடுத்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஃபான் நின்றது. மடிகணினியின் பற்றரி தாங்குமோ தாங்காதோ என்று மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா பழைய கலண்டர் மட்டையை எடுத்து விசிறத் தொடங்கினார். மகனுக்கு அல்ல, மடிகணினிக்கு.

கரண்ட் இல்லாத அந்த நேரத்தில் அவன் சொன்ன கதைகள்தான் எனக்குப் பெருவிருந்து. ஜி.சி.சி. தன்னைத் தானே கட்டுமாம். தயிருக்குப் பழைய தயிரை உறை ஊற்றுவதுபோல, பழைய கொம்பைலர் புதியதைக் கட்டும். அந்தப் புதியது தன் மூல நிரலிலிருந்து தன்னையே மீண்டும் கட்டும். அப்படிப் பிறந்ததும் இன்னொரு தடவை கட்டும். கடைசி இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்றுபோல இருந்தால்தான் நம்புவார்கள். இவனுடைய மடிகணினியில் ஒருமுறை இரவு தொடங்கியது விடியும்வரை முடியவில்லை என்றான்.

மற்றது, சத்தமில்லாத உடைவு. அறிவிக்காத ஒரு செயற்கூற்றை அழைப்பதை சி மொழியின் தரம் 1999இலேயே நீக்கிவிட்டது. கொம்பைலரோ எச்சரித்துவிட்டுப் பேசாமல் விட்டுக்கொண்டிருந்தது. 2024 மே மாதம் வந்த ஜி.சி.சி. 14தான் அதைப் பிழை என்று மறித்தது. நிரல் நின்றுபோனால் நல்லது, கண்ணுக்குத் தெரியும். ஆனால் கட்டுவதற்கு முன்னால் கணினியில் என்னென்ன வசதி உண்டு என்று சோதிக்கிற குட்டி நிரல்கள் இருக்கின்றன. பழைய பாணியில் எழுதிய சோதனை விழுந்தால், 'இந்த வசதி இல்லைப் போல' என்று முடிவுகட்டிவிட்டுக் கட்டுமானம் தொடரும். எல்லாம் பச்சை, வசதி மட்டும் காணாமற் போயிருக்கும்! றெட் ஹட் நிறுவனத்தின் ஃபுளோரியன் வைமர் முதலானோர் ஃபெடோரா லினக்ஸில் இத்தகைய இடங்களை முன்கூட்டியே தேடித் திருத்தினார்கள். அந்தத் திருத்தங்களால் மற்ற லினக்ஸ்களும் பயன்பெற்றன.

ஜோயல் கிளெக்கரைப் பற்றியும் சொன்னான். கொம்பைலரோடு கூடவே நிற்கும் சி நூலகத்தை டெபியனில் பராமரித்த பொடியன். தசைச் சிதைவு நோய். 2000ஆம் ஆண்டு ஜூலையில், 21 வயதில் இறந்துபோனான். கூட வேலை செய்தவர்களில் பலருக்கு அவன் நோயாளி என்றே தெரியாது, அவனுடைய வேலையை மட்டும்தான் கண்டிருந்தார்கள். அடுத்த மாதம் வெளிவந்த டெபியன் 2.2 அவனுக்கே காணிக்கையாக்கப்பட்டது. டெபியனின் ஒரு இயந்திரத்துக்குக் கிளெக்கர் என்று பெயரும் சூட்டினார்கள்.

கரண்ட் வந்தது. திரையில் கட்டுமானம் முடிந்து கிடந்தது. எல்லாம் சரி! விளையாட்டைத் திறந்து ஒரு ஆட்டம் ஆடியும் பார்த்தோம், சோதிக்கவேணுமே. தம்பி திருத்தத்தை இணைத்து, முறைப்பாட்டு இலக்கத்தின் முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினான். கடிதத்தில் ஐந்தாறு வரி. கிடைத்தது என்ற தானியங்கிப் பதிலும் வந்து சேர்ந்தது. பொதியைப் பராமரிப்பவர் ஏற்பாரா, இன்னும் திருத்தச் சொல்வாரா என்பது இனி அவர் பாடு.

"சோறு ஆறுது," என்று அம்மா கூப்பிட்டார். "ஒரு நிமிசம் அம்மா," என்றவன், வரிசையிலிருந்து அடுத்ததைத் திறந்துவிட்டான். இந்த முறை ஒரு பழைய அச்சுப்பொறிக்கான மென்பொருள். சிவப்பு வரி ஒன்றல்ல, ஒரு பக்கம் நிறைய. அவன் கதிரையை முன்னுக்கு இழுத்தான், நானும் இழுத்துக்கொண்டேன்.