அறுநூறு மீட்டர் வேகம், ஆறு மணி நேரத் தாமதம்

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாகத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது.

அந்த நெடி வீடுகளை எட்டியது எப்படி? மூலக்கூறுகள் தாமாகவே விரவி வந்தன என்பார், பள்ளிப் பாடத்தை மறக்காதவர். கணக்குப் போட்டால் அந்தப் பதில் நிற்காது.

சாதாரண வெப்பநிலையில் அம்மோனியா மூலக்கூறு நொடிக்கு 600 மீட்டருக்கு மேல் பாய்கிறது. 1857இல் கிளாசியஸ் வாயுக்களுக்கு இந்த மாதிரி வேகங்களைக் கணக்கிட்டுச் சொன்னதும், நெதர்லாந்தின் பைஸ் பல்லாட் மடக்கினார்: அப்படியானால் அறையின் ஒரு மூலையில் கிளம்பும் நெடி மறு மூலைக்கு வர ஏன் இவ்வளவு நேரம்? நியாயமான கேள்விதான். மறு ஆண்டே பதில் வந்தது. மூலக்கூறு வேகமாக ஓடுகிறது, ஆனால் ஓட இடமில்லை. செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகன் கோயில் கூட்டத்தில் மாட்டிய ஓட்டப்பந்தய வீரனின் கதிதான் அதற்கும். காற்றில் ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவே அதற்குக் கிடைப்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூரம். இதுவே சராசரி மோதலிடைத் தூரம்.

ஒவ்வொரு மோதலிலும் திசை மாறுவதால், இரு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். அசையாத காற்றில் அம்மோனியா ஒரு மீட்டர் விரவ ஏறக்குறைய ஆறு மணி நேரம். பத்து மீட்டருக்கு 25 நாள். நூறு மீட்டருக்கு ஏழு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, அன்றிரவு நெடியைத் தூக்கி வந்தது காற்றோட்டமும் அதன் சுழல்களும்தான். 'காற்றில் கரைந்துவிடும்' என்று ஆலைக்காரர்கள் சொல்லும் ஆறுதலை இந்தக் கணக்கோடு சேர்த்துக் கேட்பது நல்லது. காற்று அடங்கிய மார்கழி இரவில் கரைப்பதற்கு ஆளில்லை.

அதே விரவல் சின்னத் தூரத்தில் அசுர வேகம் காட்டும். பத்தில் ஒரு மில்லிமீட்டரைக் கடக்க ஆயிரத்தில் ஒரு நொடிகூட ஆகாது. அம்மோனியா கசிந்தால் நீரைப் பொடித்துளிகளாகப் பீய்ச்சுவது இதனால்தான். சுழல் காற்று வாயுவைத் துளியின் அருகில் கொண்டுவிடுகிறது. மிச்சமிருக்கும் மெல்லிய படலத்தை விரவல் கடக்கிறது. நீர் அதை ஆவலாகக் கரைத்துக்கொள்கிறது.

மோதல்கள் மூலக்கூறை மட்டுமா இடம் மாற்றுகின்றன? உந்தத்தையும் கைமாற்றுகின்றன. வேகமாக ஓடும் அடுக்கிலிருந்து மெதுவான அடுக்குக்கு உந்தம் போவதுதான் வாயுவின் பாகுநிலை. 1860இல் மேக்ஸ்வெல் இதைக் கணக்கிட்டபோது விசித்திரமான விடை வந்தது: வாயுவின் அடர்த்தி கூடினாலும் குறைந்தாலும் பாகுநிலை மாறாது. அடர்த்தி பாதியானால் உந்தம் சுமப்பவை பாதியாகும், ஆனால் ஒவ்வொன்றும் இரு மடங்கு தூரம் சுமக்கும். அவருக்கே நம்பிக்கை வரவில்லை. லண்டன் கென்சிங்டன் வீட்டில் மனைவி கேத்தரின் துணையோடு, ஊசலாடும் தட்டுகளை வைத்துத் தாமே அளந்து பார்த்தார். கணக்கு சரியாகவே இருந்தது.

வெப்பம் ஏறினால் வாயு இளகும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகள் நிறைய. உருட்டுவதற்கு முன் இரும்பைக் காய்ச்சும் உலையில், 1000 டிகிரி காற்றின் பாகுநிலை அறைக் காற்றைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். சூடேறிய மூலக்கூறுகள் உந்தத்தை விரைவாகக் கடத்துவதே காரணம். மூலக்கூறுகளுக்கு இடையிலான விசையையும் சேர்த்து 1916–17இல் சாப்மனும் என்ஸ்கோக்கும் தனித்தனியே வகுத்த சூத்திரங்கள், இன்றும் உலை வடிவமைப்பாளரின் கணினியில் ஓடுகின்றன.

அதே ஆலையின் கியர்பெட்டி எண்ணெயிடம் இந்தச் சூத்திரங்கள் செல்லாது. திரவத்தில் மூலக்கூறுகள் ஒட்டி நெருங்கிக் கிடக்கின்றன; மோதலிடைத் தூரம் என்று பேசவே இடமில்லை. சூடேறினால் அந்தப் பிடி தளர்ந்து எண்ணெய் இளகும். அதனால் கணக்கை நம்பாமல் அளந்தே பார்க்கிறார்கள்: எண்ணெய் டிரம்மின் மேல் விஜி 320 என்று அச்சிட்டிருந்தால், 40 டிகிரியில் அதன் இயக்கப் பாகுநிலை (பாகுநிலையை அடர்த்தியால் வகுத்தது) நொடிக்குச் சுமார் 320 சதுர மில்லிமீட்டர் என்று பொருள்.