எல்லைக்கு இருபுறமும் மருந்துச் சீட்டு: இழுப்பு நோயாளிகள் கவனத்திற்கு

பாறசாலையில் அதை 'வலிவு' என்பார்கள். எல்லை தாண்டிக் களியக்காவிளைக்குப் போனால் 'இழுப்பு'. வலிப்பதும் இழுப்பதும் ஒன்றுதான். 1956 நவம்பர் 1இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது மொழி பிரிந்தது, மூச்சு பிரியவில்லை. அளவாக மருந்தைப் பீய்ச்சும் முதல் இன்ஹேலரை அமெரிக்காவின் ரைக்கர் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதே 1956இல்தான்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் இந்தக் கருவியைப் பற்றி ஓர் அச்சம் உண்டு. "அது கடைசி மருந்து, பழகினால் விடாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கணக்கு வேறு விதமாக இருக்கிறது. சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றி, கை நடுக்கத்தையும் படபடப்பையும் கொடுத்த பிறகே நெஞ்சுக்குப் போகிறது. இது நேரே போகிறது.

பல வருஷம் பீடி குடித்தவர்களுக்கும், கதம்பையும் கொதும்பும் எரித்துப் புகையில் சமைத்த பெண்களுக்கும் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை இம்மருந்து குணமாக்காது. சுருங்கிய மூச்சுக்குழலை விரித்துக் கொடுக்கும், அவ்வளவே. பீடியை விடாமல் இன்ஹேலரை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதில் பெரிய பிரயோஜனமில்லை.

இழுக்கும் விதம்

பீய்ச்சும் குப்பியை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதட்டால் இறுகக் கவ்வ வேண்டும். மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். அடுத்த அழுத்தத்துக்கு அரை நிமிஷமாவது இடைவெளி தேவை. கையும் மூச்சும் ஒத்துவராத முதியவர்களுக்கு 'ஸ்பேசர்' என்னும் பிளாஸ்டிக் குடுவை பேருதவி. அதைக் கழுவினால் துணியால் துடைக்காமல் தானாக உலரவிட வேண்டும்.

கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் பொடி மருந்துக்கு முறை நேர் எதிர்: வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். அந்தக் கேப்ஸ்யூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்கிவிடுவோரும் உண்டு. ஸ்டீராய்டு கலந்த மருந்தானால் இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புவது அவசியம்.

பெயர் இரண்டு, மருந்து ஒன்று

எல்லைக் கிராமத்துக்கென்றே உரிய அபாயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்து டாக்டர் ஆஸ்தாலின் எழுதியிருப்பார். சந்தைக்குப் போன இடத்தில் அந்தப் பக்கத்து டாக்டர் டியோலின் எழுதுவார். இரண்டும் வேறு என்று நினைத்து இரண்டையும் இழுத்தால், ஒரே வகை மருந்து இரட்டிப்பாகிறது, நெஞ்சு படபடக்கிறது. டியோலினில் இருக்கும் இப்ராட்ரோபியமும், தினம் ஒருவேளை இழுக்கும் டயோட்ரோபியமும் ஒரே குடும்பம். அந்த வகை மருந்து கண்ணில் பட்டால் கண் அழுத்த நோயாளிக்குக் கேடு. புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைக்கலாம். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தோ இழுப்பையே கிளப்பக்கூடியது. எந்த டாக்டரிடம் போனாலும், வீட்டிலுள்ள எல்லாக் குப்பிகளையும் கண் மருந்தையும் ஒரே பையில் எடுத்துப் போய்க் காட்டுவது நல்லது.

அளவு மீறுவது விளையாட்டல்ல. 1960களில் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஆஸ்துமா மரணங்கள் திடீரென்று பெருகின. ஐசோபிரினலின் இன்ஹேலரை மிதமிஞ்சி உபயோகித்ததே காரணமாக இருக்கலாம் என்று அப்போது சந்தேகித்தார்கள். இதயத்தை அவ்வளவாகத் தூண்டாத சால்புட்டமால் 1969இல் வந்தது. ஆனாலும் நாலு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்படுகிறதென்றால் மருந்து போதவில்லை என்று பொருளில்லை. நோய் முற்றுகிறது என்று பொருள்.

குப்பி காலியானதைக் கண்டுபிடிக்கத் தண்ணீரில் மிதக்கவிடும் பழைய வழக்கம் நம்பத்தக்கதல்ல. மருந்து தீர்ந்த பிறகும் வாயு பீய்ச்சிக்கொண்டிருக்கும். எண்ணும் வசதி இல்லாத குப்பியானால், திறந்த தேதியை ஒட்டிவைத்து 200 அழுத்தம் என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின்கீழ் கேரள சர்க்காரின் குடும்ப ஆரோக்கிய மையங்களில் 'சுவாஸ்' கிளினிக்குகள் ஏற்பட்டன. இழுக்கும் முறையைச் செய்து காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம். மலையாளம் புரியாவிட்டால் வீட்டிலிருந்து பள்ளியில் படிக்கும் பிள்ளையை உடன் அழைத்துப் போகலாம். பேச்சு வார்த்தை வார்த்தையாக அறுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ஆள் அரைத்தூக்கத்தில் ஆழ்ந்தாலோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரியோ, நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரியோ, எது அருகிலோ அங்கே உடனே கொண்டுசெல்ல வேண்டும். ஆம்புலன்ஸுக்கு இரு மாநிலத்திலும் எண் 108தான்.