பச்சோந்தியும் உயிர்வேலியும்

உலகில் உள்ள உயிர்கள் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய உறையுள் ஒன்று உண்டு. மீனுக்கு நீரும் நண்டுக்கு வளையும் எங்ஙனம் இன்றியமையாதனவோ, அங்ஙனமே பச்சோந்திக்குப் பசுந்தழை இன்றியமையாததாகும். இதனை யாம் நூல்வாயிலாக ஒருவாறு அறிந்திருந்தோமாயினும், கண்கூடாக உணர்ந்தது சென்ற கோடை விடுமுறையிலேயாம். அப்பொழுது கண்டவற்றையும், பின்னர்க் கற்றறிந்தவற்றையும் நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் ஊர் திருவண்ணாமலைக்கு அணித்தாயுள்ள ஒரு சிற்றூர். அங்கே எம் தாய்மாமனுக்கு நிலக்கடலை பயிரிடும் கொல்லை ஒன்று உண்டு. அதனைச் சுற்றிக் கிளுவையும் நொச்சியும் காரையும் களாவும் பின்னிப் பிணைந்த பழைய உயிர்வேலி இருந்தது. மாமா அதனை அகற்றிக் கற்கால் நட்டு முட்கம்பி கட்ட எண்ணினார். ஒருநாட் காலையில் மண்வாரும் இயந்திரம் வந்து வேலியின் ஒரு பக்கத்தை வேரோடு பெயர்த்துவிட்டது. பெயர்த்த புதரினின்று தரையில் விழுந்து தத்தளித்த பச்சோந்தி ஒன்றை எம் தம்பி கண்டெடுத்து வீட்டுக்குக் கொணர்ந்தான்.

அவன் அதனைப் பழைய கிளிக்கூடொன்றில் விட்டான். கடைத்தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் கொடியொன்றை உள்ளே சுற்றிவைத்தான். கிண்ணத்தில் நீரும் வைத்தான். பச்சோந்தி அந்நீரை ஏறெடுத்தும் பார்த்திலது. மறுநாள் அதன் மேனி கருமை பாய்ந்திருந்தது, கண்கள் உள்வாங்கின. இனி இஃது இறந்துபடுமோ என்று தம்பி அழத் தொடங்கினான். யாம் செம்பருத்திக் கிளை ஒன்றை ஒடித்து உள்ளே வைத்து அதன்மீது நீரைத் தெளித்தோம். சிறிது நேரத்தில் அது மெல்ல நகர்ந்து வந்து, இலைநுனியில் தொங்கிய துளிகளை ஒவ்வொன்றாக நக்கிப் பருகிற்று. கிண்ணத்தில் நிறைந்திருந்த நீரைப் பொருட்படுத்தாத உயிர், இலைமேல் நின்ற சிறுதுளியை நாடி வந்தமை எமக்குப் பெருவியப்பாயிற்று. ஆயின், ஒடித்த கிளையோ அன்று மாலைக்குள் வாடித் துவண்டுவிட்டது. வேருள்ள செடிக்கும் வேரற்ற கிளைக்கும் உள்ள வேறுபாடு அப்பொழுதே எமக்கு விளங்கிற்று.

இனி, பச்சோந்தியின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். பச்சை என்னும் சொல்லும் ஓந்தி என்னும் சொல்லும் புணர்ந்து பச்சோந்தி என நின்றன. ஓந்தி என்பது ஓணானைக் குறிக்கும் பழஞ்சொல். ஓதி எனவும் வழங்கும் இப்பெயர் குறுந்தொகையுள் காணப்படுகிறது. நம்மவருட் பலர் வேலியில் ஓடும் ஓணானையே பச்சோந்தி என மயங்குவர். ஓணான் விரைந்தோடும், பச்சோந்தியோ காற்றில் ஆடும் இலைபோல் முன்னும் பின்னும் அசைந்தசைந்து மெல்ல நடக்கும். அதன் விரல்கள் ஒரு புறம் இரண்டும் மறுபுறம் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கிபோல் அமைந்துள்ளன. வால் சுருண்டு கிளையைப் பற்றும் ஐந்தாம் கைபோல் உதவும். இரு கண்களும் ஒன்றையொன்று சாராமல் வெவ்வேறு திசையில் சுழல்வன. உடலின் நீளத்துக்கு ஏறக்குறைய நிகரான நாவை இமைப்பொழுதில் எறிந்து பூச்சியைப் பற்றும். அதற்கு நஞ்சு சிறிதும் இல்லை. கண்டவுடன் கல்லெடுப்பார் இதனை நினைவிற் கொள்வாராக.

உலகில் 200-க்கு மேற்பட்ட பச்சோந்தி வகைகள் உள்ளன. அவற்றுள் ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர் தீவில் வாழ்வன. இந்தியாவில் இயற்கையாக வாழ்வது ஒரே வகைதான். 1768-ஆம் ஆண்டில் லாரெண்டி என்பார் அதற்கு இட்ட பெயரில் இலங்கையின் பெயர் அமைந்திருப்பினும், நம் நாட்டின் தீபகற்பப் பகுதியிலும் அது பரவி வாழ்கின்றது.

தான் இருக்கும் இடத்தின் நிறத்தையே பச்சோந்தி எடுத்துக்கொள்ளும் என்பது பெருவழக்கான கொள்கை. அது முற்றும் பொருந்துவதன்று. அச்சம், சினம், இணைவிழைச்சு, வெப்பம், குளிர் ஆகியவற்றிற்கு ஏற்பவே அதன் நிறம் பெரிதும் மாறுகின்றது. தோலின் உயிரணுக்களில் உள்ள மிகநுண்ணிய படிகங்களின் இடைவெளி விரிதலாலும் சுருங்குதலாலும் ஒளி வேறுபட்டுத் திரும்பி நிறம் மாறுகின்றது என்று ஜெனீவா பல்கலைக்கழகத்து அறிஞர், மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆய்ந்து 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எம் தம்பியின் கூட்டில் அது கருத்தது கூட்டின் நிறத்தாலன்று, அதன் துன்பத்தாலேயாம்.

இத்தகைய உயிருக்கு உயிருள்ள செடி ஏன் வேண்டும்? காரணங்கள் ஐந்து எனலாம். முதலாவது நீர். பனியும் மழையும் இலையில் துளித்து நிற்க, அவற்றை நக்கிப் பருகுதலே அதன் இயல்பு. தேங்கிய நீரை அது பெரும்பாலும் நீரென உணர்வதில்லை. இரண்டாவது ஈரப்பதம். வேருள்ள செடி மண்ணின் நீரை உறிஞ்சி இலைகளின் வழியே ஆவியாக வெளிவிடுகின்றது. அதனால் சுற்றியுள்ள காற்றின் வறட்சி தணிகின்றது. பிளாஸ்டிக் இலை துளியைத் தாங்கக் கூடுமேனும், இவ்வாவியை ஈயவல்லதன்று. மூன்றாவது மறைவு. விரைந்தோட இயலாத உயிர்க்கு மறைதலே காவல். நாற்புறமும் திறந்த கூட்டில் அது இடையறாது அஞ்சும். அஞ்சிய உயிர் உணவு கொள்ளாது. நான்காவது வெயிலும் நிழலும். தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாமையால், காலையில் வெயில் காய்ந்தும் நண்பகலில் தழைக்குள் ஒதுங்கியும் அது தன்னைக் காத்துக்கொள்ளும். ஐந்தாவது பிடிப்பு. பருமை வேறுபட்ட கிளைகளைப் பற்றி நடப்பதற்கென்றே அதன் கால்கள் அமைந்துள்ளன. வழுக்கும் கம்பியில் அவை வருந்தும்.

மேலைநாடுகளில் பச்சோந்தி வளர்ப்போர் பலர். ஏமன் நாட்டையும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாக உடைய முக்காட்டுப் பச்சோந்தியையே அவர் மிகுதியும் வளர்க்கின்றனர். கண்ணாடிப் பெட்டியில் காற்றுத் தேங்குமாதலின், வலையடித்த உயரமான கூட்டினையே பலர் விரும்புவர். வெள்ளால் இனத்துச் சிறுமரம், செம்பருத்தி, மணிபிளாண்ட் முதலியவற்றைத் தொட்டியோடு உள்ளே வைத்து, காலையும் மாலையும் நீரைத் தூவுவர். முக்காட்டுப் பச்சோந்தி பூச்சியோடு இலையையும் தின்னும் இயல்பினதாதலின், அரளி, எருக்கு போன்ற நச்சுச்செடிகளை விலக்குவர். நாற்றங்காலிலிருந்து வாங்கிய செடியில் பூச்சிமருந்து இருத்தல் கூடும். ஆகவே இலைகளை நன்கு கழுவி, மண்ணை மாற்றி, சில கிழமைகள் புறத்தே வைத்திருந்த பின்னரே கூட்டினுள் வைப்பர். மண்ணையும் சிறுகற்களையும் விழுங்காதிருக்க, விழுங்கலாகாத பெருங்கற்களை மேலே பரப்புவர். செடி மிக அடர்ந்து ஈரம் உலராது நின்றால் பூஞ்சணம் பற்றுமாதலின், ஒருமுறை தூவிய நீர் உலர்ந்த பின்னரே மறுமுறை தூவுவர்.

இவற்றோடு ஒளியும் வேண்டும். ஞாயிற்றின் புறஊதாக் கதிர்பட்டால்தான் அதன் உடலில் வைட்டமின் டி உண்டாகும். அஃதின்றேல் உண்ட சுண்ணச்சத்து எலும்பிற் சேராது. எலும்பு மெலிந்து வளையும். சாளரக் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடுமாதலின், அறைக்குள் விழும் வெயில் போதாது. ஆகவே தனி விளக்கு அமைப்பர். இங்ஙனம் கூடும் செடியும் விளக்கும் நீர்த்தூவியும் எனப் பெரும்பொருள் செலவிட்டு அவர் இயற்றுவது யாது? ஒரு புதரின் ஒரு முழத்தைச் செயற்கையாக ஆக்க முயல்கின்றனர், அவ்வளவே. நம் ஊர்க் கொல்லையின் வேலியோ இவை அனைத்தையும் செலவின்றித் தந்துகொண்டிருந்தது.

எம் வீட்டுக்கு அயலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்கின்றார். அவர் கூட்டைக் கண்டதும் எம்மை அழைத்து, "தம்பி, இதனைப் பிடித்தலும் அடைத்து வளர்த்தலும் சட்டப்படி குற்றம் என்பதை அறியாயா?" என்று வினவினார். யாம் நாணி நின்றோம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்தியப் பச்சோந்தியைக் காக்கப்படும் உயிர்களுள் ஒன்றாக வைத்துள்ளது. எனவே அதனைப் பிடித்தலும் விற்றலும் வளர்த்தலும் தண்டத்துக்கு உரியன. 1973-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் அஃது இடம்பெற்றுள்ளது. அவ்வுடன்படிக்கைக்கு உட்பட்ட அயல்நாட்டு உயிர்களை நம் நாட்டில் வைத்திருப்போரும் 2024-ஆம் ஆண்டின் விதிகளின்படி அரசினிடம் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். அன்பினால் செய்த செயலாயினும், அறியாமையால் அது தீங்காய் முடிதல் உண்டு என்பதை அன்று கற்றோம்.

மறுநாள் விடியற்காலையில் தம்பியும் யாமும் கூட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குச் சென்றோம். வேலியின் மூன்று பக்கங்கள் எஞ்சியிருந்தன. வாய்க்காலோரத்து நொச்சிக்கிளையில் கூட்டைச் சார்த்தித் திறந்தோம். அது நெடுநேரம் அசையாதிருந்து, பின்னர் ஒரு காலை எடுத்துக் கிளைமேல் வைத்தது. கிளுவைமேற் படர்ந்த கோவைக்கொடியினுள் புகுந்தபின் அது எங்குளது என எம்மால் அறிய முடியவில்லை. கருமை நீங்கிப் பசுமை கொண்டதோ இல்லையோ, தழைக்குள் தழையாய் மறைந்தது.

உயிர்வேலியின் பயன் பச்சோந்தியளவில் நிற்பதன்று. அது கோடைக்காற்றைத் தடுத்துப் பயிரைக் காக்கும், மண்ணரிப்பைத் தடுக்கும். நொச்சியும் ஆடாதொடையும் மருந்தாகும். பிரண்டையும் முடக்கத்தானும் கறியாகும். களாவும் கோவையும் காரையும் பறவைகட்கும் சிறுவர்கட்கும் பழம் தரும். வேலியில் உறையும் பச்சோந்தியும் ஓணானும் குருவியும் வெட்டுக்கிளி முதலியவற்றைத் தின்று உழவனுக்குக் கூலியின்றி உழைப்பன. தொடர்ந்த வேலி அவ்வுயிர்கட்குத் தொடர்ந்த பாதையும் ஆகும். அஃது அறுபட்ட இடத்தில் பச்சோந்தி தரையில் இறங்கியே கடத்தல் வேண்டும். மெல்ல நடக்கும் அவ்வுயிர் நாய்க்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இரையாதல் எளிது. பெண் பச்சோந்தி மண்ணைத் தோண்டியே முட்டையிடுமாதலின், வேலியடி மண் கலையாதிருத்தலும் வேண்டும்.

எம் ஊரினின்று நோக்கினால் அண்ணாமலை நன்கு தெரியும். 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த அம்மலை நெடுங்காலம் மரமின்றிப் புல்மண்டிக் கிடந்தது என்றும், கோடைதோறும் அப்புல்லில் தீப்பற்றுவது வழக்கம் என்றும் முதியோர் கூறுவர். 1980-களின் இறுதியிலிருந்து அன்பர் பலரும் அறக்கட்டளைகளும் வனத்துறையினரும் முயன்று, இம்மண்ணுக்குரிய மரக்கன்றுகளை வளர்த்து நட்டு, தீத்தடுப்புக் கோடுகள் அமைத்துக் காத்து வருகின்றனர். அதன் பயனாகச் சரிவுகள் பல இன்று பசுமை பெற்றுள்ளன. உயிருக்கு ஏற்ற செடியை அதன் உறையுளில் வைத்தல் என்பதே அப்பணியும்; கூடு மட்டும் மலையளவு பெரிது.

விடுமுறை முடியுமுன் மாமாவிடம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். அவர், "வேலி மூன்று முழ நிலத்தை விழுங்குகின்றதே, பாம்பும் அடைகின்றதே, ஆண்டுதோறும் கழிக்க ஆளும் கிடைப்பதில்லையே, இதற்கு நீ என்ன சொல்வாய்?" என்றார். அவர் கூறியவை பொய்யல்ல. எம்மிடம் முழுவிடையும் இல்லை. எனினும், வேலியைக் கழிக்க விடுமுறைதோறும் வந்து உதவுவோம் என்று யாமும் தம்பியும் வாக்களித்தோம். சாலைப்பக்கம் கம்பி கட்டுவது உறுதி என்றும், வாய்க்கால் பக்கத்தையும் அதனை அடுத்த பக்கத்தையும் இப்போதைக்குத் தொடுவதில்லை என்றும் மாமா உரைத்தார். ஆக, நான்கில் இரண்டு எஞ்சின.

நண்பர்களே! நம்முட் பலர் சிற்றூர்களினின்று வந்தோர். நும் தந்தையார் கொல்லையிலும் பாட்டனார் தோட்டத்திலும் பழைய வேலிகள் இன்னும் நிற்றல் கூடும். பச்சோந்தியை வளர்க்க விரும்புவோர் கூடு தேட வேண்டுவதில்லை. வேலியை வளர்த்தாற் போதும். அடுத்த விடுமுறையில் அரிவாளோடு யாம் செல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. தம்பி இப்பொழுதே நாள் எண்ணிக்கொண்டிருக்கின்றான்.